வந்ததுக்கு ஒரு டாக்டர்

தையல்காரன் கல்யாணம் செய்துகொண்டது ஒரு பெண்ணைத்தான். ஆனால் கூடவே ஒரு மலையும் வந்து இறங்கியது.

அவன் வீடு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலுக்கு நேர் எதிரே. முன்னறையில் கடை, பின்னறையில் குடும்பம், அதற்கும் பின்னால் அடுப்பு. மனைவியின் ஊரோ மலைக்கு மேலே, தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்து, இனி ஒன்றும் இருக்காது என்று தோன்றுகிற இடத்தில். அங்கேயும் சுகாதார நிலையம் என்று ஒரு கட்டடம் உண்டு. கதவு உண்டு, ஜன்னல் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. டாக்டர் கிடையாது. தலைவலி என்று போனால் பல்லிதான் என்னவென்று கேட்கும்.

அதனால் மலையில் யாருக்கு எது வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும். பெரிய ஆஸ்பத்திரியிலோ நன்றாக விடிவதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும். ஊருக்குள் இருப்பவன் படுக்கையிலிருந்து எழுந்து, அதே செருப்போடு நடந்துவந்து வாங்கிக்கொண்டு போவான். மலைக்காரன் முதல் நாள் சாயங்காலமே வந்து எங்காவது படுத்திருந்தால்தான் உண்டு. அந்த 'எங்காவது' தையல்காரனின் வீடு.

"யாரு இவரு?" என்று ஆரம்பத்தில் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க சித்தப்பாவோட மச்சினரோட பக்கத்து வீட்டுக்காரரு."

"இதெல்லாம் ஒரு சொந்தமா?"

"அவருக்குக் குடல் எறங்கியிருக்கு. சொந்தமா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம். கொஞ்சம் நகருங்க, பாய் போடணும்."

நகர்ந்து நகர்ந்து அவன் துணி வெட்டும் மேஜையின் மேலேயே படுக்கப் பழகிவிட்டான். பெயர்களை நினைவு வைத்துக்கொள்வதையும் விட்டுவிட்டான். மூச்சிரைப்பு, சர்க்கரை, மூலம், ரெண்டாவது பிரசவம் என்று நோயை வைத்தே ஆளைச் சொல்வான்.

"சர்க்கரைக்கு டீ குடுத்தாச்சா? மூலம் ஏன் இன்னும் நின்னுக்கிட்டே இருக்கு? உக்காரச் சொல்லு."

"அவரால உக்கார முடிஞ்சா இங்க ஏன் வர்றாரு?" என்பாள் மனைவி.

இத்தனை பேரையும் மலையிலிருந்து கொண்டுவந்து இறக்குவது ஒரே ஒரு ஜீப். முன்பு பஸ் இருந்தது. ஒரு மழையில் பாலம் போனது, பாலத்தோடு பஸ்ஸும் போனது. பாலம் கட்டுகிறோம் என்று சொன்னவர்களும் அதே தண்ணீரில் போனார்களோ என்னவோ, பிறகு ஆளையே காணோம். ஜீப் மட்டும் ஓடையில் இறங்கி ஏறி வரும். அதை ஓட்டத் தெரிந்தவன் அந்த ஊரில் ஒரே ஒரு ஆள். தையல்காரன் மனைவியின் அண்ணன். தையல்காரனுக்கு மச்சான். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கல்யாணம் பேசும்போதே மச்சான், "கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டுத் திரியிற ஆளுக்கா என் தங்கச்சி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளத் தையல்காரன் மச்சானுக்குத் தைத்துக் கொடுத்த பேன்ட்டில் ஒரு கால் ஒரு ஜாண் குறைவாக இருந்தது. துணி சுருங்கிவிட்டது என்பது தையல்காரனின் கட்சி. ஒரு கால் மட்டும் எப்படிச் சுருங்கும் என்பது மச்சானின் கட்சி. அன்றிலிருந்து மச்சான் ஜீப்பை விட்டு இறங்குவதில்லை. நோயாளிகளை இறக்குவான், தங்கை நீட்டும் டீயை ஸ்டியரிங்குக்கு மேலேயே வைத்துக் குடிப்பான், திரும்பிவிடுவான். ஏதாவது சொல்லவேண்டுமானால் தங்கையிடம் சொல்வான்.

"அவர்கிட்ட சொல்லு, சைக்கிளை இப்படிக் குறுக்கே நிறுத்துனா வண்டியை எப்படித் திருப்புறது?"

உள்ளேயிருந்து தையல்காரன் பதில் அனுப்புவான். "அவர்கிட்ட சொல்லு, அது சைக்கிள் இல்ல. டீக்கடை நாய்."

மச்சானுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது.

இரண்டு கண்ணிலும் புரை. மலையில் இது ரகசியமே இல்லை. கண் சரியாகத் தெரிகிற ஒருவரை எப்போதும் முன்சீட்டில் உட்காரவைத்துவிடுவார்கள். அவர் "இடது, பள்ளம், கல்லு, ஆடு" என்று சொல்லச் சொல்ல மச்சான் ஓட்டுவான். கண் ஆபரேஷனுக்கு வந்தவர்களைக்கூட அவன்தான் கொண்டுவந்தான். வரும்போது அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் பயமும் தெரியாது. புதுக்கண்ணோடு திரும்பும்போதுதான் தாங்கள் வந்த வழியையும் வந்த விதத்தையும் முதன்முதலாகப் பார்ப்பார்கள். பாதி வழியில் இறங்கி, "நான் நடந்தே வர்றேன்பா, காத்தாட நல்லா இருக்கு" என்று சொன்னவர்கள் உண்டு.

"நீயும் கண்ணைக் காட்டேன்" என்று தங்கை எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

"நான் படுத்துட்டா யாரு ஓட்டுறது?" என்று கேட்டான் அவன். வெறும் வீம்பு என்றால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

கண் ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா மாதத்தில் இரண்டு நாள்தான் வெளியூரிலிருந்து வருவார். முதல் நாள் பார்ப்பார், மறுநாள் அறுப்பார். தங்கை ஒருவழியாக அவனைச் சம்மதிக்கவைத்தும், போன தடவை மச்சானுக்கு டோக்கன் கிடைக்கவில்லை. இந்தத் தடவையும் விட்டால் மழை வந்துவிடும். மழை வந்தால் ஓடையில் ஜீப் இறங்காது. மழை ஓய்வதற்குள் அவன் கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சமும் ஓய்ந்துவிடும். பிறகு மலையில் ஜீப் இருக்கும், நோயாளி இருப்பார்கள், கீழே ஆஸ்பத்திரியும் இருக்கும். நடுவில் ஓட்டுவதற்கு ஆள் இருக்காது.

அந்த மாதம் டாக்டரம்மா வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், தையல்காரன் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது வெளியே டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது: "போதும்டா. நின்னாச்சு."

பெரியம்மாவின் குரல். தங்கைக்கும் அண்ணனுக்கும் பெரியம்மா. மலை முழுவதுமே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. முட்டிவலி. நடந்தால் கட்டில் கிரீச்சிடுவது போல முட்டி சத்தம் போடும். குரல் மட்டும் கணீரென்று இருக்கும், அதனால் இந்தத் தடவை முன்சீட்டு அவளுக்கு. ஜீப்பின் மூக்கு பக்கத்து வீட்டுக் கேட்டை முத்தமிட்டுக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ரிட்டையர்டு மேனேஜர். நல்லவேளை, அவர் உலாவப் போயிருந்தார்.

பின்னாலிருந்து மூச்சிரைப்புக்காரர் இறங்கினார், வயிற்றுவலிக்காரி இறங்கினாள், காது கேட்காத ஒருவர் "வந்தாச்சா? வந்தாச்சா?" என்று கத்திக்கொண்டே இறங்கினார். கடைசியாக மச்சான் இறங்கினான். அவன் இறங்கியதைத் தெருவே அன்றுதான் பார்த்தது.

"உள்ள வாண்ணா" என்றாள் தங்கை.

"நான் ஜீப்லயே படுத்துக்கிறேன்."

தையல்காரன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவர்கிட்ட சொல்லு, இங்கயும் மேஜைதான் காலியா இருக்கு" என்றான்.

"அவர்கிட்ட சொல்லு, மேஜையில படுத்தா அளவெடுத்துருவாங்கன்னு பயமா இருக்கு."

"ரெண்டு பேரும் உங்க வாயை நீங்களே தச்சுக்குங்க" என்றாள் அவள். "நான் ஒருத்தி எத்தனை பேருக்குத்தான் தபால்காரியா இருக்கிறது?"

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் காலை வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன்தான் கொடுப்பார்கள். நோயாளியே நிற்கவேண்டும் என்றில்லை, யார் நின்றாலும் சரி. மூச்சிரைப்புக்கு அவள் நிற்பாள். வயிற்றுவலிக்காரி தானே நின்றுகொள்வாள். காது கேட்காதவரும் நிற்பார், ஜன்னல் திறந்தால் பின்னால் இருப்பவன் அவரைத் தள்ளவேண்டும். பெரியம்மா முக்காலி போட்டு எலும்பு வரிசையில் உட்கார்ந்துகொள்வாள்.

"கண்ணு வரிசைக்கு நீங்க."

"நானா? அந்த ஆளுக்கா?"

"அண்ணனை நிக்கவச்சா ஜன்னல்னு நெனச்சு சுவத்துகிட்ட டோக்கன் கேப்பான். உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லுங்க, நான் ரெண்டா பிரிஞ்சு நிக்கிறேன்."

அவன் போனான். போகாமல் முடியுமா?

விடிகாலையில் வரிசை ஆஸ்பத்திரி மதிலைச் சுற்றி வளைந்திருந்தது. அவனுக்கு முன்னால் பக்கத்து வீட்டு மேனேஜர் மஃப்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன சார், போன வருஷம்தானே ஒரு கண்ணு பண்ணீங்க?"

"அது வலது. இது இடது. கண்ணாடி போடாம பேப்பர் படிக்கணும்னு ஒரு ஆசை. வீடும் பக்கத்துலயே இருக்கு, ஏன் விடணும்?" என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து எவனோ என் கேட்டை இடிச்சிருக்கான்யா. கம்பி வளைஞ்சு கெடக்கு. நீ யாரையாவது பாத்தியா?"

"தெருவுல ஆயிரம் வண்டி வருது சார்" என்றான் தையல்காரன், மதிலைப் பார்த்துக்கொண்டே.

கண் டோக்கன் அவனோடு தீர்ந்துபோனது. அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் அவன் தலையைப் பார்த்துச் சபித்தார்கள். அவன் அந்த நீலவட்டத் தகட்டைக் கையில் இறுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, பெரியம்மா முக்காலியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"எலும்பு டாக்டர் பயிற்சிக்குப் போயிட்டாராம். இன்னிக்கு எலும்பே கெடையாதாம். இது தெரிஞ்சிருந்தா முட்டியை வீட்டுலயே விட்டுட்டு வந்திருப்பேன்."

"அடுத்த வாரம் வரலாம் பெரியம்மா."

"எது? அந்த ஓடையில இன்னொரு தடவையா? இவ்வளவு தூரம் வந்து ஒரு டாக்டர் மூஞ்சியைக்கூடப் பாக்காம போனா ஊருல சிரிக்க மாட்டாங்க?"

அவள் ஏதோ பொழுதுபோகப் பேசுகிறாள் என்று அவன் நினைத்தான். மலைக்காரர்களோடு இவ்வளவு காலம் பழகியவன் அப்படி நினைத்திருக்கக்கூடாது. வந்ததுக்கு யாராவது ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். பல் டோக்கன் தீர்ந்தால் தோல் டாக்டரிடம் போவார்கள். தோல் இல்லையென்றால் காது. பார்க்க ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால், "சும்மா ஒரு தடவை அமுக்கிப் பாருங்களேன்" என்பார்கள். எதையாவது அமுக்கிப் பார்த்தால்தான் வந்த வழிக்கு ஒரு நியாயம்.

அவன் டோக்கனைத் தையல் மெஷினுக்கு மேலே, நூல்கண்டுகள் தொங்கும் ஆணியில் மாட்டினான். மச்சான் ஜீப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கண் பிரிவு திறக்க நேரமிருந்தது. ஒரு கட்டுப் பள்ளிக்கூடச் சீருடைக்கு இஸ்திரி போட்டான், முகம் கழுவினான், டீயும் ரொட்டியும் சாப்பிட்டான். திரும்பி வந்து பார்த்தால் ஆணியில் நூல்கண்டுதான் இருந்தது.

"டோக்கன் எங்க?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பெரியம்மா எங்க?"

கேள்வியும் பதிலும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன.

மச்சானை எழுப்பி இருவரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தெருவைக் கடக்கும்போதுதான் தையல்காரன் தான் பிடித்திருப்பது யார் கை என்று யோசித்தான். விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. எதிரே லாரி வந்ததால் விடவில்லை.

கண் பிரிவின் பெஞ்சில் பெரியம்மா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். வலது புருவத்துக்கு மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்திருந்தார்கள்.

"வாங்க வாங்க! எனக்குக் கண்ணுல புரையாம்! நாளைக்கு ஆபரேஷன். கட்டில் குடுப்பாங்களாம், சோறு குடுப்பாங்களாம். முட்டிக்குன்னு வந்து கண்ணு கெடைச்சிருக்கு பாரு!"

"பெரியம்மா, அது அண்ணனோட டோக்கன்!"

பெரியம்மா வாயில் கை வைத்தாள். "ஆணியில சும்மா தொங்குச்சேடி, கையில தட்டுப்பட்டுச்சு. யாரும் வேணாம்னு மாட்டி வச்சதுன்னு நெனச்சேன்." கொஞ்சம் யோசித்தாள். "சரி, நான் எந்திரிச்சிடறேன். அவனுக்குப் பண்ணட்டும்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தே விட்டாள். "கண்ணு என்ன பஸ் சீட்டா பாட்டி, மாத்தி உக்கார? அவரை டாக்டர் பாக்கணும், அளவெடுக்கணும். டோக்கன் இல்லாம உள்ள விட மாட்டோம். அடுத்த மாசம் வரச் சொல்லுங்க."

"அளவுன்னு சொன்னாலே நமக்கு ஆகாது" என்று மச்சான் முணுமுணுத்தான். ஆனால் அவன் முகம் செத்துப்போயிருந்தது. அவன் திரும்பி நடந்தான். சுவரை வாசல் என்று நினைத்து நடந்தான்.

அந்த நேரத்தில் தையல்காரன் பேசாமல் இருந்திருக்கலாம். அவனுக்கு அன்றைக்கு முடிக்கவேண்டிய சீருடைகள் குவிந்து கிடந்தன. ஆனால் மச்சான் சுவரில் முட்டிய சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் நேராகப் போய் டாக்டரம்மாவின் அறைக்கதவைத் தள்ளினான். உள்ளே மேனேஜர் இரண்டாவது பரிசோதனைக்காக, தாடையை வைக்கும் கண் கருவியில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயதுதான். கண்ணுக்குக் கீழே மட்டும் வயதாகியிருந்தது. "வெளிய நில்லுங்க" என்றார் திரும்பாமலே.

"ஒரே ஒரு கண்ணும்மா. சரி, ரெண்டு கண்ணு. டோக்கன் எடுத்தோம், அது வேற ஆளு தலையில ஏறிடுச்சு."

"லிஸ்ட் முடிஞ்சுது. இந்த மாவட்டத்துக்கே நான் ஒருத்திதான். எனக்கும் ரெண்டு கைதான் இருக்கு. அவர் என்ன வேலை செய்யறார்?"

"விவசாயம்" என்றான் வாசலில் நின்ற மச்சான், அவசரமாக. வேலை என்னவென்று யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லவேண்டும் என்று அவன் ஜீப்பில் வந்த எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம்.

"விவசாயம்னா ஒரு மாசம் பொறுக்கலாம். ஒண்ணும் ஆகாது."

"பொறுக்க முடியாதும்மா" என்றான் தையல்காரன். "இந்த ஆளு ஜீப் ஓட்டுறாரு."

மச்சான் அவனைத் திரும்பிப் பார்த்தான். பல வருஷங்களில் முதல்முறையாக நேராகப் பேசினான். "அடப்பாவி மாப்ள!"

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பினார். எழுந்து வந்து மச்சானின் கண்ணில் டார்ச் அடித்தார். விரலைக் காட்டினார். "இது எத்தனை?"

"எது?" என்றான் மச்சான்.

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு ஜீப்பா? எங்க?"

இதற்குள் மூச்சிரைப்புக்காரர், வயிற்றுவலிக்காரி, காது கேட்காதவர் எல்லோரும் விஷயம் தெரிந்து வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள். மச்சானுக்கு ஆதரவாகப் பேசவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்கள்.

"தங்கமான டிரைவரும்மா. நேத்துகூட மலையில ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்துல நின்னுச்சு, கொஞ்சமாவது பதறணுமே!" என்றார் மூச்சிரைப்புக்காரர்.

"பதற மாட்டாரு. அவருக்குத்தான் பள்ளமே தெரியாதே" என்றாள் வயிற்றுவலிக்காரி.

"ஓடைல லைட்டு போடாமயே வருவாரு!" என்று காது கேட்காதவர் கத்தினார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அதெல்லாம் ஒரு பயமும் இல்லம்மா" என்று பெரியம்மா பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தாள். "முன்சீட்டுல நான்தானே இருந்தேன். வழி பூரா நான்தான் பாத்துப் பாத்துச் சொன்னேன்."

டாக்டரம்மா வெளியே எட்டிப் பார்த்தார். "நீங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு வலது கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. இடது கண்ணுல என் கையே தெரியலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"முட்டிக்குன்னு வந்ததால கண்ணை நான் கவனிக்கலை" என்றாள் பெரியம்மா.

மூச்சிரைப்புக்காரர் மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டார்.

"அப்போ," என்றாள் வயிற்றுவலிக்காரி மெதுவாக, "நேத்து யாரு பாத்து ஓட்டுனது?"

"ஆடுன்னு ஒரு எடத்துல சொன்னியே பெரியம்மா, நான்கூட நிறுத்தினேனே!" என்றான் மச்சான்.

"வெள்ளையா இருந்துச்சுடா. சத்தமும் கேட்டுச்சு. ஆடாத்தான் இருக்கணும்."

"அது பாதிரியாரு" என்றார் மூச்சிரைப்புக்காரர்.

அதுவரை கருவியிலிருந்து முகத்தை எடுக்காமல் உட்கார்ந்திருந்த மேனேஜர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "பச்சைக் கலர் ஜீப்பா?"

தையல்காரன் மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர்," என்றார் மேனேஜர், "என் பேரை வெட்டிடுங்க. முதல்ல அவனுக்குப் பண்ணுங்க. நான் அடுத்த மாசம் பண்ணிக்கிறேன்."

"உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றாள் மனைவி, கண் கலங்கி.

"மனசாவது மண்ணாவது! நான் காலையிலயும் சாயங்காலமும் அந்தத் தெருவுலதான் நடக்கிறேன். கேட்டு போனது போகட்டும், கால் போனா யாரு தருவா? எலும்பு டாக்டர்கூட ஊருல இல்லையாம்!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு மச்சானிடம் கையை நீட்டினார். "சாவி."

"எதுக்கு?"

"ஜீப் சாவி. ஆபரேஷன் முடிஞ்சும் ஒரு மாசம் நீங்க தொடக்கூடாது. உங்களை நம்ப முடியாது. கண்ணு தெரிஞ்ச ஒரு ஆளு வந்து, அதோ அந்தப் பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டினா, அவங்ககிட்டதான் குடுப்பேன்."

மச்சான் சாவியைக் கொடுத்தான். தன் காலை வெட்டிக் கொடுப்பவன் போலக் கொடுத்தான்.

மறுநாள் இருவருக்கும் ஆபரேஷன் ஆனது. பெரியம்மாவுக்கு வலது கண், மச்சானுக்கும் வலது கண். அடுத்தடுத்த கட்டிலில் ஒரே மாதிரி பச்சை அங்கி, ஒரே மாதிரி கட்டு. யார் யாரென்று குரலை வைத்துத்தான் சொல்லவேண்டியிருந்தது. இடது கண்களுக்கு மழை முடிந்தபின் வரச் சொன்னார்கள்.

கவலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூச்சிரைப்பும் வயிற்றுவலியும் காதும் வைத்தியம் முடித்துத் தையல்காரனின் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குப் போக வழியில்லை. அங்கே வயிற்றுவலிக்காரியின் மாடு கறக்க ஆளில்லாமல் கத்திக்கொண்டிருக்கும். மேலே இன்னும் யார் யாருக்கு என்னென்ன வந்திருக்கிறதோ, யார் இறக்கிக்கொண்டு வருவது?

"ஒரு மாசமா?" என்றான் தையல்காரன். மேஜையையும் மூச்சிரைப்புக்காரருக்குக் கொடுத்துவிட்டு அவன் மெஷினுக்கடியில் படுத்துக்கொண்டிருந்தான். "ஒரு மாசம் இவங்க எல்லாரும் இங்கயா?"

"நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள் மனைவி.

"எப்படி? தூக்கிக்கிட்டா?"

"ஜீப்லதான்."

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணன் ஓட்டப் பழகுனப்போ நானும்தான் பழகுனேன். அந்த ஓடையில வண்டியை முதல்ல எறக்குனதே நான்தான். அவன் பயந்துக்கிட்டுக் கரையில நின்னான்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே!"

"நீங்க கேட்டதே இல்லையே. பட்டனுக்குக் காஜா எடுக்கத் தெரியுமான்னு கேட்டீங்க. தெரியும்னேன்."

அவள் முகம் கழுவி, தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டாக்டரம்மா ஊருக்குக் கிளம்பும் முன்னே அவரிடம் போனாள். பலகையில் மேல்வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்தாள். டாக்டரம்மா சாவியைக் கொடுத்தார். ஜீப் தெருமுனையில் திரும்பும்போது எதிலும் இடிக்கவில்லை. தெருவில் நின்றவர்களுக்கு அது வேறு ஏதோ வண்டி என்று தோன்றியது.

அவள் போன பிறகுதான் தையல்காரனுக்கு நிலைமை உறைத்தது. ஆஸ்பத்திரி அனுப்பிவிட்ட இரண்டு பேர் வீட்டில், ஒற்றைக் கண் கட்டோடு. அவர்களுக்கு நேரம் தவறாமல் சொட்டு மருந்து விடவேண்டும். தபால்காரி ஊரில் இல்லை.

முதல் நாள் பெரியம்மாவை வைத்துச் சமாளித்தார்கள்.

"பெரியம்மா, அவரை மேல பாக்கச் சொல்லுங்க."

"பெரியம்மா, மேல பாத்தாச்சு, மருந்து மூக்குல விழுதுன்னு சொல்லு."

"மூக்கு அங்க வந்து நின்னா நான் என்ன பண்றதுன்னு கேளுங்க."

"ரெண்டு பேரும் நாசமாப் போங்க" என்று பெரியம்மா திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது. மருந்து விடும் நேரம் வந்துவிட்டது. தையல்காரன் குப்பியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். கூப்பிட ஒரு வார்த்தை தேவைப்பட்டது.

"மச்சான்."

"ம்."

"அசையாதீங்க."

"நான் எங்க அசையிறேன்? உன் கைதான் ஆடுது. ஊசியில நூல் கோக்கிற கைதானே இது? மனுஷன் கண்ணுன்னா ஆடுதா?"

"நூல் திட்டாது மச்சான்."

மச்சான் சிரித்தான். சிரிக்கக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று தையல்காரன் அதட்டினான். அதற்கும் சிரித்தான்.

கட்டை நிரந்தரமாக எடுத்த அன்று மச்சான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். எதிரே ஆஸ்பத்திரி. விடிந்து வெகுநேரம் ஆகியும் மதிலோரம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். டோக்கன் கிடைக்காதவர்கள், கிடைத்தும் கூப்பிடாதவர்கள், மூட்டையோடு, குழந்தையோடு. மதில் வளையும் இடம்வரை தெரிந்தது. அவன் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தான்.

"இவ்வளவு பேரா மாப்ள? நான் இத்தனை நாளா இதை மதில்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அதுக்குப் பின்னாலதான் மதில்" என்றான் தையல்காரன்.

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஜீப் வந்தது. டீக்கடை நாயைச் சுற்றி வளைந்து, மேனேஜரின் கேட்டுக்கு ஒரு முழம் தள்ளி, நூல் பிடித்தது போல நின்றது. மேனேஜர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஜீப்பின் பின்பக்கம் திறந்தது. ஒருவர் இறங்கினார், இருவர் இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கண் தெரிந்த டிரைவர் வந்துவிட்டாள் என்றதும், பயந்துகொண்டு இத்தனை நாள் வலியோடு மலையிலேயே கிடந்தவர்களெல்லாம் ஏறிவிட்டார்கள் போலிருக்கிறது. கூரையிலும் ஒருவர் இருந்தார்.

"கடவுளே" என்றான் தையல்காரன்.

மனைவி இறங்கினாள். உடம்பு முழுக்கப் புழுதி. அண்ணன் எழுந்து, பழக்கத்தில், சாவிக்காகக் கையை நீட்டினான். அவன் கண் முழுதாகச் சரியாவதற்குள் மறுபடி வண்டியைத் தொட்டுவிடப் போகிறானே என்று தையல்காரனும் கையை நீட்டினான்.

அவள் இரண்டு கைகளையும் பார்த்தாள். சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மறுபடி நாளன்னைக்கு மேல போகணும். ரெண்டு பிரசவம் காத்துக்கிட்டிருக்கு. நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் இவங்களுக்கு டீ போடுங்க. அதோ அவருக்குச் சர்க்கரை வேணாம்."